மழையில் நனையாத கார்டு

அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் தாணுமாலையனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. "கார்டு பூட்டிக்கிட்டா? தாணு அண்ணாச்சிகிட்ட கொண்டு போ" என்பார்கள். புதுப் படம் ஏற்ற மாட்டேன், பழையதை அழிக்கவும் மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் மெமரி கார்டும் பென்டிரைவும் அவர் கைக்கு வந்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். சிலவற்றில் ஓரத்துப் பொத்தான் நகர்ந்திருக்கும். நகத்தால் தள்ளிவிட்டுச் சும்மாவே கொடுத்துவிடுவார். சிலது உள்ளுக்குள் கோளாறாகித் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அடியோடு துடைத்தால்தான் அது திறக்கும்; அதற்குத்தான் வித்தை வேண்டும். வித்தை இருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நல்ல பழக்கமும் வைத்திருந்தார். பூட்டிக்கொண்ட கார்டு எழுதத்தான் விடாது, படிக்க விடும். ஆகவே கை வைக்கும் முன்னால் உள்ளே இருப்பதையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிடுவார். அதன் பிறகுதான் துடைப்பது, பூட்டைத் திறப்பது எல்லாம். அந்தப் பழக்கத்தை ஒரே ஒரு நாள் விட்டார். அந்த ஒரு நாள் போதாதா?

மாஞ்சோலை ஜனங்கள் தேயிலை எஸ்டேட்டைக் காலி செய்து மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அங்கே கொழுந்து பறித்த தனலட்சுமி, மழையில் தொப்பலாக நனைந்து கடையில் வந்து நின்றாள். ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்த சுருக்குப் பையும் நனைந்திருந்தது. அதிலிருந்த போனைத் துடைத்துக் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, படம் எடுத்தா ஏற மாட்டேங்குது. நாளைக்கழிச்சி வீட்டக் காலி பண்ணுதோம். அதுக்குள்ள வீட்டையும் காட்டையும் நாலு படம் எடுத்துக்கிடணும். மேல போற பஸ்சு இப்பம் வந்துரும்."

"இருங்கம்மா, பாக்குதேன்" என்று கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டார். நகல் எடுக்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் இடமில்லை என்றது. எப்படி இருக்கும்? வருகிறவர்களுக்கு ஏற்றிக் கொடுக்கச் சினிமாப் பாட்டும், கோயில் கொடைத் திருவிழா வீடியோவும், கரகாட்டமுமாக அடைத்து வைத்திருந்தார். ஒரு கரகாட்டத்தை அழித்திருந்தால் இடம் கிடைத்திருக்கும். கடையில் ஆள் நெருக்கியது. வெளியே பஸ் ஆரன் அடித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மேலோட்டமாக அழித்தால் திரும்பப் பூட்டிக்கொள்ளும் என்று அடி வரைக்கும் சுத்தமாகத் துடைத்தார். கார்டு திறந்துகொண்டது. தனலட்சுமி கும்பிட்டுவிட்டு ஓடிப் போய் பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பழசு ஒண்ணையும் காங்கல அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவ பேசினது ஒண்ணு அதுல கெடந்துச்சு. பேக்டரி வாசல்ல நின்னுக்கிட்டு, 'ஏ தனம், இங்கன பாரு'ன்னு கூப்பிடுவாவ. அவ்வளவுதான். அவ்வோ தவறிப் போனதுக்குப் பொறவு அந்தச் சத்தம் மட்டுந்தான் இருந்துச்சு."

தாணுமாலையன் கையை நீட்டினார். கார்டை வாங்கித் தெரிந்த வழியெல்லாம் பார்த்தார். அடியோடு துடைத்ததில் என்ன மிஞ்சும்? காலி வீட்டுப் படங்கள்தான் வந்தன. அவர் வாய் திறக்கும் முன்னே அவளே கேட்டாள்.

"அன்னைக்கு மழையில நனைய விட்டுட்டனே, அதுனாலயா அண்ணாச்சி?"

அவள் தானாக நீட்டிய கயிறு அது. பற்றிக்கொண்டார் பாவி மனுஷன்.

"அதுனாலதாம்மா" என்றார்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு போனாள். அதன் பிறகு கடைக்கு யார் கார்டு கொண்டுவந்தாலும், "உள்ள யாரு இருக்கா?" என்று தாணுமாலையன் கேட்க ஆரம்பித்தார். கரகாட்டத்தையெல்லாம் அழித்தார். மனசு மட்டும் அடங்கவில்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார்; சொல்லி என்ன ஆகப்போகிறது, போனது வரவா போகிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாரிக்கண்ணு என்றொரு பெண் வந்தாள். அவளும் எஸ்டேட்டிலிருந்து இறங்கியவள்தான். கையில் பாலித்தீன் பை. அதைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பை. அதற்குள் ஒரு துணி. துணிக்குள் மெமரி கார்டு.

"என்னம்மா இது, இம்புட்டுச் சுத்து?"

"பக்கத்து வீட்டுத் தனலட்சுமியக்கா சுத்திக் குடுத்தா. தண்ணி பட்டா உள்ள உள்ளதெல்லாம் போயிரும், தான் அப்படித்தான் வீட்டுக்காரர் சத்தத்தக் கொன்னுட்டேன்னு சொன்னா. மழைக்கு அறிகுறியே இல்லக்கான்னாலும் கேக்கல."

அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனார்.

தனலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி, வெயில்ல வந்திருக்கிய" என்று எழுந்தாள். "இரும்மா" என்று நின்றபடியே சொல்லி முடித்தார். இடமில்லாதது, கேட்காதது, துடைத்தது எல்லாம்.

"அப்பம் மழையால இல்லையா?"

"மழையால இல்லம்மா. போன் ஓடிக்கிட்டுல்லா இருந்துச்சு. நாந்தான் அழிச்சேன். பழிய உன் மேல போட்டுட்டேன்."

அவள் மறுபடி உட்கார்ந்து கத்தரியைக் கையில் எடுத்தாள். வெட்டவில்லை. சத்தம் உயராமல் பேசினாள்.

"கார்டு தெரியாமப் போயிட்டு, சரி. வேணும்னேவா செஞ்சிய? ஆனா அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. போன ஐப்பசி கார்த்திகை பூரா, மழை எரச்சல் கேட்டா எந்திரிச்சி உக்காந்து அழுதிருக்கேன். அவ்வோட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

தாணுமாலையன் தலையைக் குனிந்துகொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவள் போய் வாருங்கள் என்று சொல்லவில்லை.