என்ஜினே பைப்பு: தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டைக்கு ஒரு ஃபிரேமோடு

இருபது வருஷத்துக்கு மேலாக கேட் செய்கிறவன் நான். தஞ்சாவூரில் கிரில் பட்டறை. அப்படிப்பட்டவன், முதன்முதலாகச் செய்த மோட்டார் சைக்கிள் ஃபிரேமுக்கு வாசல் வைக்க மறந்துவிட்டேன். சுற்றிலும் பைப் வளைத்து, பற்றவைத்து, தேய்த்து, பிரைமரும் அடித்து முடித்துவிட்டு என்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது உள்ளே போகவில்லை. மேலே பைப், கீழே பைப், பக்கவாட்டில் குறுக்குப் பைப். கூண்டைப் பூட்டிவிட்டுக் கிளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மாதிரி நின்றேன். பார்த்த சாட்சி ஒரே ஆள்தான், என் வீட்டுக்காரி. ஊருக்கே தெரிய அது போதும்.

ஆனால் அந்த மறதியிலிருந்துதான் நல்ல ஃபிரேம் பிறந்தது. அதோடுதான் இந்த மாசி மாதம் முத்துப்பேட்டைக்குப் போய்வந்தேன். அலையாத்திக் காடு பார்க்கப் போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் வழி, செலவு எல்லாம் இடையிடையே சொல்கிறேன். காடு மட்டும் வேண்டும் என்றால் கடைசிக்குப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யாருக்காக ஃபிரேம்? ஜப்பார் பாய்க்காக. கூத்தாநல்லூர்க்காரர், என் பழைய சிநேகிதர். முத்துப்பேட்டைப் பக்கம் ஆறு இறால் குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். குட்டைக்குக் குட்டை போக கரைதான் பாதை, நாலடி அகலம். தீவன மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். நடுவே தண்ணீர் விடுகிற மதகு வரும். அதன்மேல் ஒரு பலகை கிடக்கும். அங்கே இறங்கி, வண்டியைக் கையால் தூக்கித் திருப்பித்தான் அந்தப் பக்கம் வைக்க முடியும். போன ஐப்பசி மழையில் அந்த மதகில் வண்டி சாய்ந்து அவர் முழங்கால்மேல் விழுந்தது. ஆபரேஷன் ஆனது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி நூர்ஜகான் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. "குட்டையத் திருப்பிக் குடுத்துட்டு எந்தம்பி ஜவுளிக்கடைக் கல்லாவுல போய் உக்காருங்க" என்று முடிவும் சொல்லிவிட்டது. ஜப்பார் பாய் என் கல்யாணப் பந்தியிலேயே ஒரு இடத்தில் உட்காராதவர்.

போனில் கூப்பிட்டார். "கனமில்லாம ஒரு வண்டி செஞ்சு குடு ராசு. ஆனா ஆடக் கூடாது. ரெண்டும் சேந்து வேணும்."

"பாய், நான் கேட் செய்யறவன்."

"கேட்டுக்கு ரெண்டு சக்கரம் வச்சா வண்டிதானே. செய்யி."

அவருடைய பழைய வண்டியைப் பிரித்து என்ஜின், சக்கரம், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். சாவி மட்டும் வரவில்லை. அது இடுப்பிலேயே இருந்தது.

கனம் குறைய வேண்டும், ஆடவும் கூடாது என்பது கேட்டுக்கும் உள்ள பிரச்சினைதான். நாலு பைப்பைச் சதுரமாக வைத்துப் பற்றவைத்தால் பத்து நாளில் மூலை தொங்கும். குறுக்கே ஒரு பைப் போட்டு முக்கோணமாக்கினால் தொங்காது. அதனால் விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்து, சைக்கிள் டியூப் துண்டால் கட்டி, ஃபிரேம் மாதிரி ஒன்று செய்து கையால் முறுக்கிப் பார்த்தேன். முறுக்கிக்கொள்கிற இடத்தில் ஒரு முக்கோணம், எதற்கு என்றே தெரியாத குச்சிக்கு விடுதலை. இப்படி ஒரு விளக்குமாறே தீர்ந்தது. வீட்டுக்காரி புதிது வாங்கிவந்து, "இதுல எத்தனை குச்சின்னு எண்ணி வச்சிருக்கேன்" என்றாள்.

அந்தக் கணக்கில் செய்ததுதான் வாசல் இல்லாத ஃபிரேம். எடை பத்தொன்பது கிலோ. வேறு வழியில்லாமல் கீழ்ப்பைப்பை அறுத்துத்தான் என்ஜினை உள்ளே விட்டேன். போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, அறுத்த பைப்பைத் திரும்ப வைக்கலாம் என்று எடுத்தேன். அப்போதுதான் தோன்றியது, எதற்கு வைக்க வேண்டும்? நடுவில் இருக்கிற என்ஜின் என்ன பஞ்சு மூட்டையா? கட்டி உலோகம். ஹேண்டில் திரும்புகிற கழுத்திலிருந்து இறங்குகிற பைப் என்ஜினின் முன்பக்கம் வந்து நிற்கட்டும். சீட்டிலிருந்து இறங்குகிற பைப் அதன் முதுகில் வந்து நிற்கட்டும். நடுவில் பைப்பே வேண்டாம், என்ஜினே பைப்பு. ஃபிரேம் என்ஜினைச் சுமக்கும், என்ஜின் ஃபிரேமைத் தாங்கும். சம்பந்தி வீட்டார் மாதிரி இல்லாமல், புருஷன் பெண்டாட்டி மாதிரி.

இந்த நினைப்போடு மெல்லிய பைப்பில் முதலிலிருந்து செய்தேன். அரிசிக்கடைத் தராசில் வைத்தபோது ஒன்பதரை கிலோ. கடைக்காரரை இரண்டு முறை நிறுக்கச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் முடியாது என்றுவிட்டார்.

வண்டியாகப் பூட்டி முடித்து, ஒரு நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். லோடு ஆட்டோ வாடகை போகவர, காத்திருப்பும் சேர்த்து 4,200 ரூபாய். ஓட்டுநர் செல்வத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டியை ஏற்றிக் கயிறு கட்டும்போதே ஆரம்பித்தார்.

"ஏண்ணே, ஓடுற வண்டிய ஏன் வண்டியில ஏத்துறீங்க?"

"ரோட்டுல ஓட்டக் கூடாது தம்பி. நானே செஞ்ச ஃபிரேம், ஆர்.சி. புக்குல ஏறாது. இது குட்டைக் கரையில மட்டும் ஓடுற வண்டி."

"அப்ப இதுவும் இறாலு மாதிரிதான். தண்ணிய விட்டு வெளிய வராது."

வடுவூர் வழியாக மன்னார்குடி, 38 கிலோமீட்டர். வடுவூர் ஏரியில் பறவைகள் இன்னும் இருந்தன. நிறுத்தச் சொன்னால் செல்வம் நிறுத்தியிருப்பார், நான்தான் சொல்லவில்லை. கண் முழுக்கப் பின்னாடியே இருந்தது. "கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டுப் போற மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்குறீங்களேண்ணே" என்றார். மன்னார்குடியில் பொங்கல், வடை, காபி, இரண்டு பேருக்கு 150 ரூபாய். அங்கிருந்து திருத்துறைப்பூண்டி 29 கிலோமீட்டர். அறுவடைக் காலம் என்பதால் ரோட்டில் பாதி நெல் காய்ந்தது, மீதிப் பாதியில்தான் எதிரும் புதிருமாக வண்டிகள். கதிர் அறுக்கிற மெஷினை ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். இந்தத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது.

திருத்துறைப்பூண்டி டீக்கடையில் ஒரு பெரியவர் எங்கள் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். "வண்டி எங்கப்பா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். அடிபடவில்லை என்றேன். "கீழ பாதி ஃபிரேமக் காணுமே. விழுந்துடுச்சா?"

"விழலைங்க. தேவைப்படலை."

அந்தப் பதிலை மறுபடி சொல்வதற்காகவே இன்னொரு டீ குடித்துக்கொண்டு அங்கே நின்றேன். வேறு யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து முத்துப்பேட்டை 24 கிலோமீட்டர். ஊரைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் மண்பாதை, உப்புக்காற்று, அப்புறம் ஜப்பார் பாயின் குட்டைகள். மனுஷன் ஊன்றுகோலோடு கரையிலேயே நின்றிருந்தார். கொட்டகையில் நூர்ஜகான் தீவனம் நிறுத்துக்கொண்டிருந்தது. "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத்தான் பார்த்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தது. "இது சுத்திப் பாக்குறதுக்கு மட்டும். ஆடுச்சுன்னா சாவி எங்கிட்ட, நீங்க கல்லாவுல."

ஜப்பார் பாய் முதலில் தனியாக ஓட்டினார். வண்டி நன்றாகவே போனது. மதகில் இறங்கி, பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் மேளம் அடித்தது. "இப்ப பின்னாடி ரெண்டு தீவன மூட்டை வைக்கலாம்" என்றேன்.

"மூட்டை பேசாதுண்ணே. நான் உக்காருறேன்" என்று நூர்ஜகான் ஏறிக்கொண்டது.

முதல் குட்டைகூடத் தாண்டவில்லை. வண்டி நின்றது, நூர்ஜகான் இறங்கியது, சாவியை உருவிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தது. ஜப்பார் பாய் பின்னாலேயே, "கரை மேடுபள்ளம்மா, அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கரை எனக்குத் தெரியாதா? தெனம் நடக்குறது நானு" என்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, முன் சக்கரம் ஒரு ஊருக்குப் போவுது, பின் சக்கரம் ஒரு ஊருக்குப் போவுது. நடுவுல உக்காந்திருக்குற நாங்க ரெண்டு பேரும் எந்த ஊருக்குப் போறது?"

செல்வம் சிரித்தார். ஜப்பார் பாய் சிரிக்கவில்லை. கொட்டகைத் தூணில் சாய்ந்து குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கரையில் பார்த்தேன், ஈரமண்ணில் இரண்டு சக்கரத் தடமும் சடை பின்னியிருந்தது.

ஹேண்டிலை செல்வத்தை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் சீட்டைப் பிடித்து முறுக்கினேன். பைப் வளையவில்லை, பற்றவைத்த இடம் எதுவும் விடவில்லை. ஆனால் பைப்பும் என்ஜினும் சேர்கிற இடத்தில் நகக்கண் அளவுக்கு அசைவு தெரிந்தது. குனிந்து பார்த்தால், போல்ட்டுக்கு போல்ட் ஒரு டிராக்டர் டயர் துண்டு.

வைத்தது வேறு யார், நான்தான். எங்கள் பக்கம் பம்புசெட்டு என்ஜின் எங்கே உட்கார்ந்தாலும் அடியில் டயர் துண்டு வைக்காமல் உட்காராது. அதிர்வு தாங்கும், கட்டை பிளக்காது. எத்தனையோ என்ஜினுக்கு வைத்த கை இது. என்ஜினைப் பார்த்தவுடன் என்னைக் கேட்காமலே வைத்துவிட்டது. என்ஜினே பைப்பு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பைப்பின் இரண்டு முனையிலும் ரப்பர் வைத்திருக்கிறேன். பட்டறை வாசலில், சாவி இல்லாததால் ஒயரை நேராகக் கொடுத்து முப்பதடி ஓட்டிப் பார்த்தபோது இது தெரியவில்லை. முப்பதடியில் எருமைகூட ஆடாமல் நடக்கும்.

"அஞ்சு நிமிஷம் குடும்மா" என்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. குட்டையில் காற்றடிக்கிற ஏரேட்டருக்காக வைத்திருந்த சாமான் பெட்டியில் தடித்த இரும்பு வாஷர்கள் கிடந்தன. ரப்பரை எடுத்துவிட்டு, இடைவெளி துளியும் இல்லாமல் வாஷரை அடுக்கி, ஸ்பானர் வாலில் ஒரு பைப்பை மாட்டி, நானும் செல்வமும் சேர்ந்து முடுக்கினோம். கழுத்திலிருந்து பின் சக்கரம் வரை நூல் பிடித்துப் பார்த்தேன். மறுபடி முறுக்கினேன். இந்தத் தடவை அசைந்தது என் தோள்பட்டைதான்.

"பாய், இனிமே அதிர்வு நேரா கைக்கு வரும். கொஞ்சம் மரத்துப்போகும்."

"கை மரத்தா மரக்கட்டும். முழங்கால் தப்பிச்சாப் போதும்."

நூர்ஜகான் மறுபடி ஏறியது, மடியில் ஒரு தீவன மூட்டையையும் வைத்துக்கொண்டு. வண்டி போனது. முதல் குட்டை, இரண்டாவது, மூன்றாவது. தூரத்தில் மதகு வந்ததும் நின்றது. நூர்ஜகான் இறங்கி, புருஷனை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தானே பின்பக்கத்தைத் தூக்கிப் பலகைக்கு அந்தப் பக்கம் வைத்தது. ஏறியது. போனார்கள்.

நான் கரையில் குந்தி உட்கார்ந்து தடத்தைப் பார்த்தேன். முன் சக்கரம் போன தடத்தின்மேலேயே பின் சக்கரமும் போயிருந்தது. ஈரமண்ணில் ஒரே கோடு, கண்ணுக்கு எட்டியவரைக்கும். எத்தனையோ பங்களாவுக்கு கேட் செய்திருக்கிறேன், சிங்கம் வைத்த கேட்கூடச் செய்திருக்கிறேன். ஒன்றையும் இப்படிக் குந்தி உட்கார்ந்து பார்த்ததில்லை. செல்வம்கூடப் பக்கத்தில் வந்து நின்று, போனை எடுத்து அந்தக் கோட்டைப் படம் பிடித்தார்.

ஆறு குட்டையும் சுற்றிவந்து நூர்ஜகான் இறங்கியது. வழக்கப்படி சாவியை உருவி இடுப்புக்குக் கொண்டுபோனது. பாதியில் கை நின்றது. அப்புறம் அதை ஜப்பார் பாயின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "மீன் வாங்கி வச்சிருக்கேன். எல்லாரும் சாப்பிட வாங்க" என்று கொட்டகைக்குள் போய்விட்டது. ஜப்பார் பாய் பையை வெளியிலிருந்து இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் போகவில்லை, அதனால் எப்படி இருக்கும் என்று கதை விடப்போவதில்லை. ஊரைத் தாண்டினால் கடை இல்லை, குடிதண்ணீர் கையோடு வேண்டும். மண்பாதையில் மழைக்கு மறுநாள் நாலு சக்கரம் போகாது. ஃபிரேம் செய்கிறவர்களுக்கு: கனத்தைக் குறைக்க வேண்டுமானால் இரும்பை மெல்லிசாக்குவதற்கு முன்னால், சும்மா இருக்கிற இரும்பு எது என்று பாருங்கள். வேலை செய்கிற எதற்கும் நடுவில் ரப்பர் வைக்காதீர்கள். ரோட்டில் ஏற்றாதீர்கள். ஆளை ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், முடிந்தால் பேசுகிற ஆளாக ஏற்றுங்கள்.

இன்னொன்று, வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும், கிளம்புவதற்கு முன் போல்ட்டை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்தேன். ஜப்பார் பாய் சாவி கிடைத்த சந்தோஷத்தில் இந்தப் பக்கமாக ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார். என் வேட்டி முனை ஃபுட்ரெஸ்டில் மாட்டியிருந்தது. வண்டி நேராகப் போனது, கொஞ்சமும் ஆடவில்லை. வேட்டி மூன்றாவது குட்டை வரை போய், அங்கே தண்ணீரில் விழுந்தது. உள்ளே அரைக்கால் டிராயர் போட்டிருந்தேன். நூர்ஜகான் ஒரு நீலக்கட்டக் கைலி எடுத்துக் கொடுத்தது. தஞ்சாவூர் வந்து சேரும்போது மணி ஆறே கால்.