காய்ச்சல் இல்லாத வீட்டில் பிரெட்

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: அம்மா, அக்கா, நான், கல்யாணத் தரகர், கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா. ஆறே பேர். வாடகை அறையிலிருந்த வெள்ளைக்காரரை ஏழாவதாகச் சேர்க்கலாம். வெளியே வந்துவிட வேண்டாம் என்று காலையிலேயே அவரிடம் சைகையில் கெஞ்சியிருந்தேன்; பாவம், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று தரகர் சொல்லிவிட்டிருந்தார்.  

எழுபதுகளின் கடைசி அது. அப்பா போன பிறகு நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. அக்கா ஓர் அறையை வாடகைக்கு விட்டாள். அந்த அறைக்காரருக்கு இட்லிச் சட்னியின் காரம் ஒத்துக்கொள்ளாமல் போகவே, தோசைக்கல்லில் பிரெட்டை வாட்டி, வெண்ணெய் தடவி, டீயோடு கொடுத்தாள். அவர் போய் இன்னும் இரண்டு பேரிடம் சொல்ல, அவர்கள் நாலு பேரிடம் சொல்ல, காலையில் எங்கள் பின்கட்டு வேப்பமரத்தடியில் ஒரு கூட்டமே உட்கார ஆரம்பித்தது. தேரடி வீதி பேக்கரியிலிருந்து சைக்கிளில் பிரெட் வாங்கி வருவது என் வேலை.

இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த நாளில் எங்கள் ஊரில் பிரெட் என்றால் காய்ச்சல். நல்ல உடம்புக்காரன் எவனும் அதை வாயில் வைக்க மாட்டான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் கையில் பிரெட்டும் சாத்துக்குடியும் இருக்கும். ஒரு பாக்கெட்டோடு தெருவில் நடந்தால் போதும், எதிரே வருகிறவர்கள் நின்று, "யாருக்குடா உடம்பு சரியில்ல?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். நான் தினமும் அத்தனை பாக்கெட்டையும் கோணிப்பைக்குள் போட்டு, மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு வருவேன். முருங்கைக்கீரை மேல் எங்கள் வீட்டில் தீராத வெறுப்பு வந்தது அப்படித்தான்.

வீட்டில் அக்காவுக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். அறைக்காரர் ஒரு தடவை அவளிடம், தங்கள் ஊர்ப் பையன்கள் கொச்சையில் காசைக்கூட பிரெட் என்றுதான் சொல்வார்கள் என்றார். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "கேட்டியாடா? அவங்களுக்கு அது காசாம். நமக்கு ஜுரம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நம்மகிட்ட மட்டும் என்ன? சம்பளம் குடுக்கிறவனப் படியளக்கிறவன்னுதான சொல்றோம். அங்க ரொட்டி, இங்க நெல்லு" என்றாள். கல்லில் பிரெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டேதான் இதையெல்லாம் யோசிப்பாள்.

தரகர் இந்த வியாபாரத்தை மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. 'வீட்டோட இருக்கிற பொண்ணு' என்று மட்டும் சொல்லியிருந்தார். அடுப்படி அலமாரியில் இருந்த பிரெட்டை நான் துண்டு போட்டு மூடி வைத்திருந்தேன். கை கழுவப் பின்பக்கம் போன மாப்பிள்ளையின் அம்மா திரும்பி வரும்போது துண்டு காற்றில் விலகிக் கிடந்திருக்கிறது. வந்து உட்கார்ந்தவர் கேசரித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏம்மா, வீட்ல யாரு படுத்துனு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்களே" என்றாள் அம்மா.

"அப்புறம் எதுக்கு அவ்ளோ பிரெட்டு?"

தரகர் முந்திக்கொண்டு என்னைக் காட்டினார். "தோ, பையனுக்கு லேசா ஜுரம்ங்க." எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்ததால் பார்ப்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

"லேசான ஜுரத்துக்கு ஒரு அலமாரி பிரெட்டா? ஆஸ்பத்திரிலகூட அவ்ளோ இருக்காது. மறைக்காம சொல்லுங்க, உங்க குடும்பத்துல காசம் கீசம் எதுனா உண்டா?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். காச நோய்க் குடும்பம் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அக்காவுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்து எந்த ஊரிலும் சம்பந்தம் கிடைக்காது. பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. அது என் வியாபாரம். வெள்ளக்காரங்களுக்கு வாட்டிக் குடுக்கிறேன். அதுலதான் இந்த வீடு ஓடுது."

அந்த அம்மாவின் முகம் சட்டென்று தெளிந்தது. தட்டைக்கூடப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அட, அப்படியா! நல்லா வருதா?"

அக்கா மாத வரும்படியை உள்ளது உள்ளபடி சொன்னாள். தரகர் இருமினார். மாப்பிள்ளை உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். அவர் சம்பளம் அதில் பாதிதான் என்று எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை தலை குனிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போலாம்மா" என்றார் அவர்.

வாசலில் செருப்பைத் தேடும்போது அவருடைய அம்மா அக்காவின் கையைப் பிடித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவனுக்குத்தான் மனசு கம்மி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இன்று அதே ரோட்டில் எத்தனையோ கபேக்கள். பேர் தெரியாத ரொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். யாரும் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பதில்லை. அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்து வேலூரில் இடம் அமைந்தது. தோசைக்கல்லையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். அத்தான் இன்றும் அவள் போடும் டோஸ்ட்டைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார்.

ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கேசரியை யாரும் தொடவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து, தரகர் ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு போவாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று தட்டு எடுத்து, மூன்று பேருக்கும் வாட்டி, வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவினாள். அவ்வளவு நாள் விற்றும் நாங்கள் யாரும் அதைத் தின்றதில்லை. கடித்ததும் மொறுமொறுவென்று இருந்தது. காய்ச்சல் இல்லாத நாக்கில் பிரெட் இப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அம்மா ஒரு வாய் தின்றாள். மீதியைத் தட்டில் வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு, படுத்துக் கெடந்த ஆறு மாசமும் பால்ல நனைச்சு நனைச்சுத்தான் குடுத்தேன்" என்றாள். "ஒரு நாளாவது இப்படிக் குடுத்திருக்கலாம்."