ரிம்முக்குச் சீயக்காய்

ஆயுத பூசைக்குச் சைக்கிளைக் கழுவினால், ரிம்மில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பது என் வீட்டுக்காரரின் வழக்கம். சாமி முன்னால் பளபளவென்று நிற்க வேண்டுமாம். மற்ற வருஷங்களில் ஓடுகிற ஓட்டத்தில் அது தானாகத் தேய்ந்துவிடும். போன வருஷம் பூசை முடிந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

அந்த வாரம் அவர் கடைக்குப் போகும் வழியில், அவனியாபுரத்தில் நின்றிருந்த ஷேர் ஆட்டோவின் பின்னால் போய் மோதினார். நல்ல வேளை, அடி இல்லை. "அண்ணே, பிரேக் பிடிச்சு நிறுத்துறீகளா, இல்ல சாமிக்கு வேண்டிக்கிட்டு நிறுத்துறீகளா?" என்று டிரைவர் கேட்டானாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெயும் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் பிரேக் கட்டை எப்படிப் பிடிக்கும்?

தலை எண்ணெய் போக என்ன செய்வோமோ அதையே செய்தேன். இரண்டு ரிம்மையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கட்டை ரப்பரில் பதிந்திருந்த மணலை ஊசியால் நோண்டி எடுத்து, உப்புத்தாளால் உரசிவிட்டேன்.

"என்ன புள்ள, வண்டிக்கு இப்பவே தீபாவளியா?"

"சிரிக்காதீக. இந்த மழைக்குள்ள தெனமும் போயிட்டு வரணும்ல."

மறுநாள் முழங்காலில் சிராய்ப்போடு வந்தார். "ஈரத்துல பிடிக்க மாட்டேங்குது. ரப்பர் சரியில்ல" என்றார்.

ரிம்மில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, வாசலில் நானே வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். முதலில் பிரேக்கை லேசாக அழுத்தித் தண்ணீரை வழிய விட்டு, பிறகு இறுக்கினேன். நின்றது. திரும்பவும் பார்த்தேன். நின்றது.

"இப்ப நீங்க பிடிங்க."

தள்ளிக்கொண்டே பிடித்தார். இரண்டு கை விரல்களும் பாதி வரை மடங்கின. அதற்கு மேல் வரவில்லை. வண்டி போய்ச் சுவரில் முட்டியது.

சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னது, கையிலிருந்து டம்ளர் நழுவியது எல்லாம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"புது ரப்பர் மாத்துனா சரியாப் போயிரும்" என்றார், விரல்களைப் பார்க்காமல்.

"ஆமாங்க" என்றேன்.

ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கோயிலில் ஆத்தாளிடம் வெள்ளிக்கிழமைதோறும் அந்த விரல்களைத்தான் கேட்கிறேன். கடைக்கு இப்போது டவுன் பஸ்ஸில் போகிறார்.

இந்த வருஷமும் பூசைக்குச் சைக்கிளைக் கழுவினார். ரிம்மில் எண்ணெய் தடவினார், எப்போதையும்விட நிறையவே. சீயக்காய் டப்பாவை நான் எடுக்கவில்லை. சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டோம்.