வெற்றுக்குழியில் வந்த சிகரம்

நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. எங்கள் பரிசோதனைக்கூடத்துப் பதிவேட்டில் ஜூலை 27 என்ற தேதியில் என் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே நான் எழுதிய பொய்யும் இருக்கிறது. அன்று இரவு காவலுக்கு இருந்த காசிநாதன் இன்றும் அதே வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கள்ளக்குறிச்சியில், சேலம் சாலையை ஒட்டிய ஓர் அறக்கட்டளைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் நான்கு சொட்டு ரத்தம் வைத்து அனுப்புவார்கள். அதைக் கரைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிக்குள் செலுத்துவோம். அது மூலக்கூறுகளை எடை போடும் தராசு. எந்த எடையில் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் கோடாகக் காட்டும். அதிகம் இருந்தால் கோடு சிகரம் போல எழும்.

எடை 132. அந்த இடத்தில் வருவது லூசின். பாலில் இருக்கும் புரதத்திலிருந்து வருவது. சில குழந்தைகளின் உடம்பால் அதைச் செரித்து முடிக்க முடியாது. தாய்ப்பாலே விஷமாகிவிடும். அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் வெல்லப்பாகு வாசனை வரும். நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தவர்களுக்கு அப்படிப் பிறக்க வாய்ப்பு கூடுதல்.

இலக்கியா என் அக்கா மகள். என் மனைவி.

பிப்ரவரியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் குடிக்கத் தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அது விதி. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆனால் என் மகளின் அட்டை அன்று மாலையே என் கருவியில் ஏற வேண்டும் என்று எனக்கு ஒரு பெருமை. பிறந்த ஐந்தாவது மணி நேரத்தில், ஒரு சொட்டுப் பால் உள்ளே போகும் முன், நானே குத்தி எடுத்தேன். கோடு படுத்தே கிடந்தது. ‘இயல்பு’ என்று நானே எழுதினேன்.

மணலூர்பேட்டையில் அக்கா வீட்டை ஒட்டியே அவர்களுடைய வெல்ல ஆலை. மாசி மாதம். இரவு பகலாகப் பாகு காய்ந்துகொண்டிருந்தது. ஆறாம் நாள் குழந்தையின் துணியை முகர்ந்து பார்த்து அக்கா பெரியநாயகி சிரித்தாள்.

“இன்னாடா தம்பி, உம் பொண்ணு மூத்திரம்கூட வெல்லமா மணக்குது?”

“ஆலக்காரன் பேத்தி வேற எப்டி மணக்கும்?” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். இலக்கியாகூடச் சிரித்தாள். அந்த வாசனை என்னவென்று படித்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். ஆனால் நான் பரிசோதித்துவிட்டேனே... ஏழாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தினாள். எட்டாம் நாள் இரவு முழுக்க ஒரே சுருதியில், கீச்சென்று, கம்பியை இழுப்பது போல அழுதாள். ஒன்பதாம் நாள் அழவில்லை.

பெயர் வைக்கவில்லை. அட்டையில் ‘இலக்கியா குழந்தை’ என்றே இருக்கிறது.

அதன் பிறகு ஒரு முடிவு எடுத்தேன். 132-இல் அளவு முந்நூற்றைம்பதைத் தாண்டினால், மணி எத்தனையானாலும் அந்த நிமிடமே தாய்க்குப் போன். பாலை நிறுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஏப்ரலில் ஒரு பையன் அப்படிப் பிழைத்தான். இன்னொரு அட்டை என் கையைத் தாண்டிப் போகாது. நான் உயிரோடு இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

ஜூலை 27. வெள்ளிமலை பஸ்ஸில் மலைக் கிராமங்களின் ரத்த அட்டைகள் வந்து சேர்ந்திருந்தன. மொத்தம் அறுபத்திரண்டு. மாலை ஐந்தரைக்குக் கரண்ட் போய் வந்தது. அப்படி நின்றால் கருவிக்குள் மறுபடி காற்றை உறிஞ்சி வெற்றிடம் ஆக்க மணிக்கணக்கில் ஆகும். காத்திருந்தேன். கருவி தயாரானபோது மணி 11:38.

ரத்தத்தை ஏற்றும் முன் தட்டின் வெற்றுக்குழியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதில் ரத்தம் இருக்காது. வெறும் கரைப்பான். கோடு படுத்தே கிடக்க வேண்டும்.

11:41. ஊசி இறங்கியது. டிக்... ஸ்ஸ்ஸ்... டக்.

132-இல் ஒரு சிறு மேடு. அளவு 140.

பழைய கறையாக இருக்கும். ஊசியைக் கழுவினேன். மீண்டும் ஓட்டினேன்.

310.

கரைப்பானைக் கொட்டிவிட்டுப் புது பாட்டில் திறந்தேன். 11:58.

520.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கொப்பரையில் பாகு பதத்துக்கு வரும்போது வருமே, அந்த வாசனை. ஆடி மாதம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆலையிலும் அடுப்பு எரியாது.

புதுத் தட்டு. புதுக் குழாய். நான்காவது 900. ஐந்தாவது 1,400. நான் மாற்ற மாற்ற அது ஏறிக்கொண்டே போனது.

1:10. கதவு தட்டும் சத்தம். காசிநாதன்.

“சார், உள்ள வெல்லம் காச்சுறீங்களா இன்னா?”

“உங்களுக்கும் வருதா?”

“தெருவரைக்கும் வருது சார். அது கெடக்கட்டும்... கொழந்தய யாரு இட்டுனு வந்தது?”

“எந்தக் கொழந்த?”

“அழுதுகினு கீதே சார்...”

என் காதில் பம்பின் இரைச்சல் மட்டும்தான் விழுந்தது. “போங்க, போய் உக்காருங்க” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

1:31. ஒன்பதாவது ஓட்டம். 3,200. திரையின் மேல்விளிம்பை முட்டி நின்றது.

பத்தாவது... ஒன்றுமே இல்லை. செத்த கோடு.

ஒன்பது நாள். பிறகு ஒன்றுமில்லை. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்.

வாசனை அடங்கியிருந்தது. வெற்றுக்குழி சுத்தமாகிவிட்டால் வேலையைத் தொடரலாம். அதுவும் விதிதான். 1:36-க்கு ரத்தத் தட்டை ஏற்றினேன். ஒவ்வொன்றாக எல்லாம் இயல்பு. இருபதாவது இயல்பு. இருபத்தைந்து... இயல்பு.

2:20. இருபத்தேழாவது குழி.

132.

2,960.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். கரியாலூர். பெண். பிறந்து மூன்றாம் நாள் எடுத்த ரத்தம். அன்று ஐந்தாம் நாள். பெயர் இருந்த இடத்தில், ‘இருசம்மாள் குழந்தை’. கீழே போன் நம்பர்.

வாசனை திரும்ப வந்தது. மூச்சு முட்டும் அளவுக்கு.

இப்போது எனக்கும் கேட்டது. கருவிக்குப் பின்னால். கீச்சென்று... ஒரே சுருதியில்... கம்பியை இழுப்பது போல...

அந்த அழுகையை எனக்குத் தெரியும்.

மேசை போனை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் சத்தம் இல்லை.

அழுகை போனுக்குள் இருந்தது.

கீழே போட்டேன்.

ஓடினேன்.

சத்தியமாக ஒரு எண்ணைக்கூட நான் அழுத்தவில்லை.

2:23-க்கு வாசலில் காசிநாதன் பக்கத்தில் நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். விடியும் வரை இருவரும் உள்ளே போகவில்லை. 5:40-க்குப் போனபோது அறையில் டெட்டால் வாசனை மட்டும் இருந்தது. நான் போட்டுவிட்டு ஓடிய போன், அதன் இடத்தில் நேராக வைக்கப்பட்டிருந்தது.

அப்போதாவது இருசம்மாளைக் கூப்பிட்டிருக்கலாம். நம்பர் மேசைமேல் இருந்தது. கரியாலூரில் விடிந்திருக்கும். ஆனால் அந்தப் போனைத் தொட என் கை வரவில்லை. இதை என் செல்போனில் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இருபத்தேழாவதும் என் மகளின் வேலைதான், அந்த ஒன்பதைப் போல இதுவும் இல்லாத சிகரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிவேட்டில் எழுதினேன்: ‘கருவியில் கறை. தட்டு முழுவதும் ரத்து. மறுபரிசோதனை செய்க.’

சென்னையிலிருந்து இன்ஜினியர் மூன்று நாள் கழித்து வந்தார். கருவியைக் கழற்றி மாட்டினார்.

“எந்தக் கறையும் இல்லீங்களே. வெற்றுக்குழி ஃபைலைக் காட்டுங்க.”

திறந்தேன். சிகரம் வந்த ஒன்பது ஃபைல்கள். ஒன்பதிலும் கோடு படுத்தே கிடந்தது. ஒரு மேடுகூட இல்லை.

“இதுல இன்னாங்க தப்பு? எல்லாம் சுத்தமா இருக்குதே” என்றார்.

இருபத்தேழாவதைத் திறந்தேன். 2,960. அது மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அன்று பகல் முழுக்கக் கரியாலூருக்குப் போன் போகவில்லை. ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றே வந்தது. ஜீப்காரர் ஒருவரைப் பிடித்து மாலையில் ஆளனுப்பினோம். இரவு மழை. மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மலைப்பாதையில், பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை.

ஒன்பதாம் நாள்.

இரண்டு வாரம் கழித்து நான் கரியாலூர் போனேன். அடுத்த குழந்தைக்குச் செய்ய வேண்டிய பரிசோதனையைச் சொல்ல என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். உண்மையில் ரத்து செய்தவன் நான் என்று அவளிடம் சொல்லத்தான் போனேன். இருசம்மாளுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் ராசு வேலைக்குப் போயிருந்தான்.

“ரத்தம் பாக்குற எடத்துலருந்து வரேன்மா” என்றேன்.

சாமையைத் துழாவிய கை நின்றது.

“நீங்களாங்க அது? அன்னைக்கு ராத்திரி போன் பண்ணது?”

“எந்த ராத்திரி?”

உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து காட்டினாள். ஜூலை 28. 2:24. எங்கள் கூடத்து நம்பர். ஒன்பது நிமிடம்.

“வூட்டுக்குள்ள டவரே கெடைக்காதுங்க. அந்தப் பலாமரத்துகிட்டப் போனாத்தான் கெடைக்கும். அன்னைக்கு இன்னாவோ, தலமாட்டுலயே அடிச்சுது. எடுத்தா யாரும் பேசல. ஒரு கொழந்த அழுதுகினே இருந்திச்சு. எம் பொண்ணுதானோன்னு திரும்பிப் பாத்தேன். அது அசங்காம தூங்கிகினு இருந்திச்சு.”

திரையில் அந்த ஒன்பது நிமிடத்தை மறுபடி படித்தேன்.

“வைக்க மனசு வரலீங்க. தாயில்லாத கொழந்த மாரி அழுதுது. நாந்தான் போன்லயே ‘ஆரி ராரோ’ சொல்லிகினு இருந்தேன். அப்பறம் அடங்கிடுச்சு. தூங்கிடுச்சுன்னு நெனச்சுத்தான் நானும் எம்பொண்ண அணைச்சுப் பால் குடுத்துகினே படுத்துட்டேன்.”

சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள்.

“ஏங்க... அந்தக் கொழந்தயாச்சும் நல்லா கீதுங்களா?”

“நல்லா இருக்குதும்மா” என்றேன்.