எந்தச் சோளம்?

பக்கத்து வீட்டுக்காரி தன் பசுவை என் பொறுப்பில் விட்டுப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனேக்கல் பக்கம் அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம், வீட்டோடு கிளம்பிவிட்டார்கள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த கன்னடத்துப் பெண் அவள். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவாள். கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் சொன்னாள்.

"அக்கா, பத்து மணி ஆனதும் சோளத்துல கட்டுங்க. சாயங்காலம் வந்துடறேன்."

"போடி, எனக்குத் தெரியாததா? நிம்மதியாப் போயிட்டு வா."

தெரியாததுதான். எங்களுடையது மாடு வளர்த்த வீடே இல்லை. சாமல்பட்டியில் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள், வீட்டில் இருந்தது ரெண்டு ஆடு. நான் சூளகிரி ரோட்டில் உலோகத்துக்கு முலாம் பூசுகிற ஒரு பிளேட்டிங் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். ஆனாலும் தெரியாது என்று சொல்ல என் வாய் வளையாது. அது பிறவிக் கோளாறு.

அந்தச் செவலைப் பசு ஏழு மாதச் சினை. கன்றுக்குட்டியாக இருந்தபோது அவள் அம்மா வீட்டிலிருந்து கல்யாணச் சீராக வந்தது. அந்த வீட்டில் இது என்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னாலேயே அவர்கள் நிலம். மேல் துண்டில் மக்காச்சோளம், கதிர் ஒடித்து முடிந்து வெறும் தட்டை காய்ந்து நின்றது. கீழ்த் துண்டில் தீவனத்துக்காகப் போட்ட சோளம். அறுத்த பிறகு தண்ணீரில்லாமல் வாடிக் கிடந்தது, போன வார மழைக்கு அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து முழங்கால் உயரம் பச்சைப்பசேலென்று நின்றது. அவள் சோளம் என்றாள். எங்கள் வீட்டில் சோளம் என்றால் சோளம், மக்காச்சோளம் என்றால் மக்காச்சோளம். கீழ்த் துண்டில் முளையடித்துக் கட்டினேன். ஆசை ஆசையாகத் தின்றது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு துணி துவைக்கப் போனேன்.

நாலு துணி அலசியிருக்க மாட்டேன். ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை, இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பசு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நுரை ஒழுகுகிறது. தொடையெல்லாம் வெடவெடவென்று நடுங்குகிறது. முளையைப் பிடுங்கி, எப்படியோ இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கத்தி எழுப்பினேன்.

அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. கால்நடை டாக்டருக்குப் போட்டேன். நல்லவேளை, எடுத்தார்.

"சார், மாடு சோளம் தின்னுட்டு நுரை தள்ளுது சார்!"

"எந்தச் சோளம்மா? மக்காவா, தீவனத்துக்குப் போடற தட்டைச் சோளமா?"

"தட்டைச் சோளம் சார். அறுத்த கட்டையில துளுத்து வந்தது."

டாக்டர் குரல் உயர்ந்தது.

"ஏம்மா, அதுல போயி யாராவது மாட்டக் கட்டுவாங்களா? காஞ்சு மழைக்குத் துளுத்த சோளம் விஷம்மா. நான் குருபரப்பள்ளி தாண்டி இருக்கேன். ஊசி இருக்குது, ஆனா வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் தாங்காது. தண்ணி மட்டும் காட்டிடாதீங்க, வயிறு முட்டக் குடிச்சா விஷம் வேகமா ஏறும். பக்கத்துல ஹைப்போ உப்பு கிடைக்குமா? கரைச்சு வாயில ஊத்தினா விஷத்த முறிக்கும். முன்னெல்லாம் போட்டோ ஸ்டுடியோவுல வச்சிருப்பாங்க."

"இப்ப எந்த ஸ்டுடியோவுல சார் அதெல்லாம்?"

"சோடியம் தயோசல்பேட்னு பேரு. தொழிற்சாலை லேப்ல இருக்கும்."

அந்தப் பேரை நான் தினமும் பார்க்கிறேன்! எங்கள் கம்பெனிக் கழிவுநீர் லேப்பில், ஜன்னலோரத் தட்டில், வெள்ளைக் கற்கண்டு மாதிரி ஒரு பாட்டில். சாம்பிள் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் கண்ணில் படும். கயிற்றை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "தண்ணி குடுத்துடாதீங்க, தலைகீழா நின்னாலும் குடுக்காதீங்க" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். பசு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தை இழுத்துக்கொண்டிருந்தது.

ரெண்டு கிலோமீட்டர்தான். லாரிகளுக்கு நடுவில் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. வழியெல்லாம் அவள் முகம்தான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வருவாளே, என்ன சொல்லுவேன்?

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். "கேட் பாஸ் இல்லாம குண்டூசி கூட வெளிய போகாதும்மா. உனக்குத் தெரியாதா?"

"உயிர் போயிட்டிருக்குதுய்யா! கெமிஸ்ட்டையாவது கூப்பிடு!"

அன்றைக்கு டியூட்டியில் இருந்த கெமிஸ்ட் தூத்துக்குடிக்காரர். அவருக்கும் எனக்கும் ஆகாது. பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று ரெண்டு முறை என் சாம்பிளைத் திருப்பி அனுப்பியவர். பெரிய இவரு என்று நான் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். கோட்டுப் பொத்தானைப் போட்டபடி நிதானமாக நடந்து வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது லேப் கெமிக்கல்லாக்கா, மருந்து இல்லையே. டாக்டர் நம்பரப் போடுங்க."

டாக்டரிடம் அவரே பேசினார். பாட்டிலில் போட்டிருக்கிற தரத்தைச் சொன்னார், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார். "நில்லுங்க, எடை போட்டு எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனார். ஐயா சாமி, இந்த நேரத்தில் எடையா! ஒரு கை அள்ளிக் கொடுத்தால் ஆகாதா? கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் அவரை என்னென்னவோ திட்டினேன். நாலு நிமிஷம் இருக்கும். பொட்டலத்தோடு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். கெமிஸ்ட் தன் பேரை எழுதினார், பொருளின் பேரை எழுதினார், காரணம் என்ற இடத்தில் "மாடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், நாளைக்கு மேனேஜர் கேட்டா?"

"உள்ளதத்தானே எழுதியிருக்கேன். கேட்டா நான் சொல்லுதேன். நீங்க போங்கக்கா, நிக்காதீங்க."

மறுநாள் அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை, வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்தது.

நான் திரும்பியபோது பசுவின் முன்னங்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. படுத்துவிட்டால் வாயில் ஊற்ற முடியாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். பொட்டலத்தைத் தண்ணீர் பாட்டிலில் கரைத்தேன். கடைவாயில் கை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி என் மேல் வழிந்தது. "குடி தாயே, குடிச்சிரு" என்று அழுதுகொண்டே ஊற்றினேன். மிச்சம் உள்ளே போனது. அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அது மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு நின்றோம். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டர் வண்டியை நிறுத்தாமலேயே குதித்த மாதிரிதான் இறங்கினார். கழுத்து நரம்பில் ஊசி போட்டார். மறுபடி ஒன்று போட்டார். பத்து நிமிஷம் போனது. பிறகு நடுக்கம் குறைந்தது. பசு தலையைத் தூக்கி, காதை ஆட்டி, ஈயை விரட்டியது. டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "உள்ள கன்னு அசையுது" என்றார்.

சாயங்காலம் அவள் வந்ததும் ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடு, கட்டினதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நீ சோளம்னுதானே சொன்ன?" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய்க்கு நியாயம் வேண்டியிருந்தது.

"ஆமாக்கா. எங்க ஊர்ல ஜோளான்னா மக்காச்சோளந்தான். நான் மேல் துண்டத்தான் சொன்னேன். ஜோளான்னே சொல்லியிருந்தா நீங்க ஒரு வாட்டி என்னன்னு கேட்டிருப்பீங்க." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்குக் குழாயடியில சொன்னீங்கல்ல, இந்த ஊர்ல இருக்கணும்னா ஒழுங்காத் தமிழ் பேசுன்னு. அதான் யோசிச்சு, தமிழ்ல சொன்னேன்."

சொல்லியிருக்கிறேன். ஒரு குடம் தண்ணீர்ச் சண்டையில், நாலு பேர் முன்னால், சிரிப்புக்காகச் சொன்னது. எனக்கு அன்றைக்கே மறந்துபோனது. அவள் மறக்காமல் ஒவ்வொரு சொல்லாக மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்னால் தாங்க முடியவில்லை. அவள் குழந்தையை வைத்துக்கொண்டே விம்மி விம்மி அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுங்கக்கா, அழாதீங்க, ஒண்ணும் ஆகல" என்று தேற்றினாள். ஒரு கன்னடச் சொல் கூடக் கலக்காமல், தமிழிலேயே தேற்றினாள்.