வடக்கே தள்ளி உட்காருங்க சாமி

"இன்னுங் கொஞ்சம் வடக்கால தள்ளி உக்காருங்க சாமி" என்று கைப்பேசியைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் சிவசுப்பிரமணியம். திரையில் ஐரோப்பாவின் வானிலை வரைபடம். அதன்மேல் சிவப்பாக வீங்கிக் கிடப்பது உயர் காற்றழுத்தம். பனியன் கம்பெனிகளின் ஊரான நெருப்பெரிச்சலில் காற்றழுத்தத்துக்கும் மரியாதை உண்டு.

அவர் கம்பெனியில் தைப்பது ஹூடி, தலைமூடி வைத்த குளிர்ச்சட்டை. ஜெர்மனியில் குளிரடித்தால்தான் மறு ஆர்டர். அவரோ ஊட்டிக்குப் போன அன்றே காதடைத்து, மத்தியானப் பஸ்ஸில் ஊர் திரும்பியவர். ஏசி போட்ட வங்கிக்குள் நுழையவே மஃப்ளர் கட்டுவார்.

ஏன் வடக்கே என்று அவரிடம் விளக்கம் கேட்டால் டீ ஆறிவிடும். "பல்லடம் ரோட்டுல லாரி குறுக்கால நின்னுபோச்சுன்னு வைங்க. பொறகால வர்ற வண்டியெல்லாம் சுத்திக்கிட்டுத்தான போகோணும்? அதாட்டத்தானுங்க. கடல்ல இருந்து வெதுவெதுன்னு வர்ற மேக்காத்த இவரு மறிச்சுக்குவாரு. கெழக்கால இருந்து குளுரு பூந்துரும். பத்து நாளைக்கு அசையமாட்டாருங்க."

போன ஆண்டு அந்தக் காற்றழுத்தப் பெரியவர் இடம் மாறிவிட்டார். ரஷ்யாப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஜெர்மனிக்குத் தெற்கிலிருந்து இதமான காற்று. இங்கே நாற்பது தையல்காரர்களுக்கு மார்ச் வரை வேலையில்லை.

அந்த நாற்பதில் ஒருத்தி சாத்தூர்க்காரி சின்னத்தாய். ஊரில் விட்டுவந்த மகளைப் பார்த்து ஏழு மாதம். பொங்கலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள்.

"அங்கன குளுரடிச்சா எனக்குப் பொங்கல் இல்ல, அடிக்கலைன்னா வேலை இல்ல. நான் எந்தப் பக்கமாக் கும்புடட்டும் மொதலாளி?"

தையல் வரிசையே சிரித்தது. "ரெண்டு பக்கமும் கும்புட்டு வையி கண்ணு" என்று அவரும் சிரித்தார்.

மார்கழிப் பாதியில் அவர் வேண்டுதல் பலித்தது. ஸ்காண்டிநேவியாவின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது உயர் அழுத்தம். ஜெர்மனி வெடவெடத்தது. பத்தாம் நாள் மின்னஞ்சல்: பன்னிரண்டாயிரம் ஹூடி, விமானத்தில், தை ஐந்தாம் தேதிக்குள்.

துள்ளி எழுந்த சிவசுப்பிரமணியம், வேகமாகத் தையல் வரிசைவரை வந்துவிட்டார். தகரக் கூரைக்குக் கீழே, பஞ்சுத்துணிக் குவியலுக்கு நடுவே வேர்த்திருந்த சின்னத்தாய் நிமிர்ந்தாள்.

"அடிச்சிருச்சா மொதலாளி?"

அவர் ஆமென்று தலையாட்டினார். பிறகு திரும்பிப் போய், தம் மேசை விசிறியைத் தூக்கி வந்து அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டு, அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.