தட்டிப் பார்க்கிறவர்

நடுவிரலை மடக்கி, மரத்தாலான குருவி வீட்டின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். தலையைச் சாய்த்து, உள்ளேயிருந்து யாரோ எழுந்து வந்து கதவைத் திறக்க நேரம் கொடுப்பவர்போலக் காத்திருக்கிறார். பிறகு உதட்டைப் பிதுக்கி, அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.

"சார், அது குருவி வீடு. தர்பூசணி இல்ல," என்றார் தோட்டச் சாமான் கடைக்காரர்.

"வாங்கறவன் தட்டித்தான் பார்ப்பான். உள்ள சரக்கு இருக்கணும்ல?"

"உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. குருவிதான் வந்து இருக்கணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடைக்காரரின் உதடு அசைந்து நின்ற பிறகு, ஒரு கணம் பிந்தி.

தட்டிப் பார்த்தவர் குளிர்பானம் நிரப்பும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையில் ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் பாதி வாழ்க்கை நின்றவர். கையில் எந்த பாட்டில் கிடைத்தாலும், மருந்து பாட்டிலானாலும், வெளிச்சத்தில் சாய்த்து அடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைப்பார். வைக்கும்போது பெயர் ஒட்டிய பக்கம் முன்னால் இருக்க வேண்டும். குரல் பெரிது. தொழிற்சாலையில் 'ஒலிபெருக்கி' என்று பட்டப்பெயர். அவர் ரகசியம் சொல்ல ஆரம்பித்தால் சுற்றியிருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களாம், நாகரிகம் கருதி.

அவர் வீட்டு மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். என்னை 'மாடி' என்றுதான் கூப்பிடுவார். "என்ன மாடி, டீ ஆச்சா?" என்பார். நான் பதில் சொன்னால் என் வாயையே உற்றுப் பார்ப்பார். கூச்சத்தில் என் குரல் இன்னும் உள்ளே போகும். "நீ பேசறது எறும்பு நடக்கற மாதிரி இருக்குப்பா. பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

சாமான் தூக்க ஆள் வேண்டும் என்று அன்று கடைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். அலமாரியின் மறுகோடியில் அவர் மனைவி இருந்தார். நான் அக்கா என்பேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து எந்த ஃபிரேம் எடுப்பாக இருக்கும் என்று சொல்கிறவர். குருவி வீட்டையும் அப்படித்தான் தேடினார். பின்கட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த வெளிர்மஞ்சள் சில்லு ஒன்றைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். அதை ஒவ்வொரு வீட்டின் மேலும் வைத்து, கண்ணைச் சுருக்கி, விலகி நின்று பார்த்தார்.

"என்னங்க, இந்த நீலக் கூரை நம்ம சுவருக்கு அப்படியே எடுக்கும். ஜன்னல்கூட வெச்சிருக்கான் பாருங்க, வெள்ளையில."

அவர் வாங்கித் தட்டினார். "பொத பொதன்னு இருக்கு."

"நீங்களா குடி போகப் போறீங்க? சரி, இந்தக் கண்ணாடிக் குழல்? தானியம் போட்டா வெளிய தெரியும். அழகா இருக்கும்."

"சப்புன்னு இருக்கு."

"அப்ப அந்த மூலையில கிடக்கே, எண்ணெய் டின்னு மாதிரி ஒண்ணு, அதையே கட்டிக்கிட்டு அழுங்க."

மூலையில் உண்மையிலேயே அப்படி ஒன்று இருந்தது. மெல்லிய பலகைச் சட்டத்தில் அகலமான தகரத் தட்டு, மேலே சப்பைக் கூரை. யாரும் சீண்டாமல் தூசி படிந்து கிடந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார்.

பிறகு வழவழப்பான பீங்கான் தீனிக் கிண்ணம் ஒன்றைத் தட்டினார். கணீரென்று ஓர் ஓசை எழுந்தது. கல்லாவில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கும்படி, மெலிதாக, நீளமாக, அடங்க மனமில்லாமல். அவர் தலைசாய்த்துக் காத்திருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது ஊமை," என்றார்.

அன்று நீலக் கூரை வீடும் கண்ணாடிக் குழலும்தான் வாங்கினோம். வரும் வழியில் அக்கா பழக்கடைக்குள் போனபோது, நான் வாயைத் திறந்து எதையும் கேட்காமலே அவர் சொன்னார். தன்னால் முடிந்தவரை மெதுவாக, அதாவது சாதாரண மனிதர்கள் பேசும் அளவில்.

"பார்த்துட்டே இல்ல? அந்தக் கிண்ணம் சத்தம் போட்டுச்சா?"

தலையாட்டினேன்.

"ம். கம்பெனியில காது பரிசோதனை வெச்சாங்க. காதுல ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்கன்னுச்சு அந்தப் பொண்ணு. நானும் எப்ப ஆரம்பிப்பாங்கன்னு உட்கார்ந்திருக்கேன், உட்கார்ந்திருக்கேன். முடிஞ்சுது சார், எழுந்திரிங்கன்னுச்சு." சிரித்தார். "லாரி வந்தா உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும். இடி கேக்கும். மேல்வரிசைப் பல்லு விழுந்த மாதிரி, மேல்வரிசைச் சத்தமெல்லாம், கீச்சுன்றது, கணீர்ன்றது எல்லாம் விழுந்துபோச்சு. அதுல குருவியும் போயிடுச்சு."

"அக்காவுக்கு..."

"தெரியாது. மூச்சு விட்றாத."

ஏன் என்பதை நான் மாடிப்படியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அவருக்கு இரவு வேலை. அவர் வீடு வந்து சேரும்போது அக்கா கிளம்பத் தயாராக இருப்பார். இடையில் ஒரு டீ நேரம்தான் இருவருக்கும். பின்வாசல் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பார்கள். எதிரே ஓர் எலுமிச்சை மரம், நாலைந்து ரோஜாத் தொட்டி, மஞ்சள் சுவர். சுவரில் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்து, தெரிந்த ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அவர் கதவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பார். "கேக்குதா?" என்பார் அக்கா. "ம்... கேக்குது," என்பார் இவர். அவ்வளவுதான் பேச்சு. டம்ளர்கள் காலியாகும். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

"அந்த நேரத்துல நாங்க பேசிக்கறதில்ல மாடி. சேர்ந்து கேக்கறோம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான்," என்றார், பழக்கடை வாசலைப் பார்த்தபடி. "சொல்லிட்டேன்னு வெச்சுக்க, நாளையிலேர்ந்து எங்கிட்ட கத்திப் பேச ஆரம்பிச்சுடுவா. கத்தறதுக்கு உண்டான குரலா அது? பக்கத்துல வந்து சொல்ற குரல்யா."

குருவி கத்துவது போனால் போகட்டும், கொத்துவதாவது கேட்காதா என்பதுதான் அவர் கணக்கு. அலகு பட்டால் அதிர்கிற அடித்தட்டு எங்கேயாவது கிடைத்துவிட்டால், அந்த 'ம்' பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் குழலில் குருவி வந்து தின்றது. அழகாகத்தான் இருந்தது. சத்தம் வரவில்லை. நீலக் கூரை வீட்டைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அதில் குடிவர ஒரு குருவிக்கும் மனசில்லை. அவர் மட்டும் யாரும் இல்லாதபோது குழலருகே போய் நின்று, காதைக் குழலோடு ஒட்டிவைத்திருப்பார். குருவி வருமா, ஆள் நிற்கும் இடத்துக்கு? எலுமிச்சைக் கிளையில் உட்கார்ந்து, இந்தப் பெரிய உடம்பு எப்போது நகரும் என்று அது பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு காலை, டம்ளர்களோடு வந்த அக்கா, உட்காருவதற்காகச் சேலையை ஒதுக்கிக்கொண்டே பழக்கத்தில் கேட்டார்: "கேக்குதா?"

"ம்... இன்னிக்கு ரொம்ப உற்சாகமா இருக்கு," என்றார் அவர், கண்மூடியபடி.

அக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே பக்கத்து வீட்டுப் பூனை காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. சுவரில், மரத்தில், குழலில், எங்கும் ஒரு குருவி இல்லை. அந்தக் காலையில் அப்படி ஓர் அமைதி. அக்கா பூனையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மூடிய இமைகளை, அதற்குக் கீழே தொங்கிய தூக்கத்தை, கேட்பதுபோல வைத்துக்கொண்ட முகத்தை, தன் கடைக்கு வருகிற முகங்களைப் பார்ப்பதைவிட வெகுநேரம் பார்த்தார். டீயை மெதுவாகக் குடித்தார். பிறகு அவர் காதருகே குனிந்து, எப்போதும் பேசுகிற குரலிலேயே சொன்னார்.

"ஆமாங்க. உற்சாகமாத்தான் இருக்கு."

மாடிப்படியில் இறங்க வந்த நான், வந்த வழியே மேலே போய்விட்டேன்.

அடுத்த விடுமுறையில் மறுபடி கடைக்குப் போனோம். இந்தமுறை வண்ணச் சில்லு வெளியே வரவில்லை. அக்கா நேராக அலமாரிக்குப் போய் ஒரு குருவி வீட்டை எடுத்தார். விரலை மடக்கினார். தட்டினார். தட்டியதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற கணவரின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"போச்சுடா, குடும்பமே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் கடைக்காரர்.

"தொத்து வியாதிங்க. பார்த்து, உங்களுக்கும் வந்துடப் போகுது," என்றார் அக்கா, கணவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோபுரக் கூரை வீடு, செம்புச் சாயம் பூசியது, கொடி வரைந்தது. எல்லாம் முடிந்து மூலைக்கு வந்தார். தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுத் தகரத் தட்டில் தட்டினார்.

டொம்.

கணவருடைய புருவம் தன்னால் மேலே போனது. அக்கா இன்னொருமுறை தட்டினார், இன்னும் மெதுவாக, ஒரு சின்ன அலகு தட்டுவதுபோல. புருவம் இறங்கவில்லை.

"இதைக் கட்டிக் குடுங்க."

"இது உனக்குப் பிடிக்காதே," என்றார் அவர். "எண்ணெய் டின்னுன்னு சொன்ன."

"எண்ணெய் டின்னுதான். நீலம் அடிச்சுட்டா, டின்னுன்னு நானே சந்தேகப்பட மாட்டேன்."

அவர் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. அக்கா அதற்குள் கல்லாப் பக்கம் திரும்பிவிட்டார்.

கூரைக்கு நீலம் அடித்து, அதைப் பின்வாசல் நிலையிலேயே, அவர் தலைசாய்க்கும் இடத்துக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டினார்கள். குருவிக்குப் பழக நாளாயிற்று. முதலில் சுவரோடு நின்றது. பிறகு எலுமிச்சைக் கிளை வரைக்கும். நேற்றுக் காலை நான் மாடிப்படியில் நின்றபோது, அது சுவரில் உட்கார்ந்து தன் ஒற்றை வார்த்தையை உரக்க, விடாமல், தொண்டை துடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் கதவில் சாய்ந்து, கண்மூடி, அது இன்னும் வரவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார். அக்கா கையில் டீயோடு சுவரைப் பார்த்திருந்தார். 'கேக்குதா?' என்று கேட்கவில்லை.

குருவி கத்துவதை நிறுத்திவிட்டுப் பறந்து வந்து தகரத்தில் இறங்கியது. ஒரு தானியத்தைக் கொத்தியது. டொக்.

"என்னங்க, கேக்கு..." என்று ஆரம்பித்தார் அக்கா.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. விரலைத் தன் உதட்டின் மேல் வைத்து, சத்தம் போடாதே என்று ஜாடை காட்டினார்.